குழிக்குள் ஆள் இறங்குவது வரைபடத்திலேயே முடிவாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கழிவுநீர்த் தொட்டிகளிலும், கழிவுநீரைப் பம்பு வைத்து மேலேற்றும் உந்து நிலையக் கிணறுகளிலும் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்துபோன செய்திகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டு வருகிறது. அச்செய்திகளைப் பல ஆண்டுகளாகக் கத்தரித்து வைத்து வருபவன் நான். ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான்: முதலில் ஒருவர் இறங்கினார், அவர் குரல் நின்றுபோகவே அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார், தீயணைப்புத் துறையினர் வந்து உடல்களை மீட்டனர், ஒப்பந்ததாரர் மீது வழக்குப் பதிவானது, நிதியுதவி அறிவிக்கப்பட்டது. முகக்கவசம் தரப்பட்டதா, ஆக்சிஜன் உருளை இருந்ததா, மேற்பார்வையாளர் எங்கே போனார் என்று அதன்பிறகு விசாரிப்பார்கள். அவையெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆனால் அந்த மனிதர் என்ன வேலைக்காக இறங்கினார், அந்த வேலையை மேலே நின்றபடியே முடிக்க ஏன் இயலாமல் போயிற்று என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான இயந்திரங்களைக் கோவையில் இருந்துகொண்டு பதினேழு ஆண்டுகளாக வடிவமைத்து வரும் மெக்கானிக்கல் பொறியாளன் என்ற முறையில், அதற்கான விடை பெரும்பாலும் எங்கள் மேசை மீதுதான் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சாக்கடைத் தண்ணீரில் மெக்கானிக்கல் படித்தவனுக்கு என்ன வேலை என்று என் உறவினர்களே கேட்பதுண்டு. உண்மையில் கழிவுநீரைச் சுத்தம் செய்பவை நுண்ணுயிர்கள்தாம். அந்த முறை 1914ஆம் ஆண்டு மான்செஸ்டரில் வெளியிடப்பட்டதிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. அந்த நுண்ணுயிர்கள் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், வழியிலேயே குப்பையையும் மணலையும் பிடித்து நிறுத்துவதும், தொட்டிக்குள் காற்றை ஊதுவதும், வேலை முடித்து அடியில் படிந்த சேற்றை வழித்து எடுப்பதும் இயந்திரங்களின் பொறுப்பு. முப்பது மீட்டர் விட்டமுள்ள படிவுத் தொட்டியில் சேற்றை வழிக்கும் கரம், அதன் ஓர முனையில் நிமிடத்துக்கு இரண்டு மீட்டர் அளவுதான் நகரும். ஒரு சுற்று முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். பார்வையிட வரும் கல்லூரி மாணவர்கள் அது ஓடவில்லை என்றே நினைப்பார்கள். அதைவிட வேகமாகச் சுற்றினால் படிந்த சேறு மீண்டும் கலங்கிவிடும் என்பதைப் பக்கத்தில் நின்று விளக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அந்தப் பெருமை, தண்ணீர் முதலில் வந்து விழும் சேகரிப்புக் கிணற்றருகே போனால் மறைந்துவிடும். வீடுகளின் கழிவுநீர் தாழ்வான இடத்திலுள்ள இந்தக் கிணற்றில் சேர, அதன் அடியில் மூழ்கியிருக்கும் பம்புகள் அதை மேலேற்றித் தள்ளுகின்றன. வருவது தண்ணீர் மட்டுமன்று. நாப்கின், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள், தலைமுடி, தேங்காய் நார், ஷாம்பு பாக்கெட், பழந்துணி, கட்டட வேலை நடக்கும் தெருவிலிருந்து மணல் என எல்லாம் வரும். இவற்றில் நாரும் முடியும் துணியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சுழலிக்குள் சடை போட்டுக்கொள்ளும். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறோம். வெளியே எடுத்துப் பார்த்தால் அது ஒரு பெண்ணின் பின்னலைப் போலவே கெட்டியாக, நீளமாக இருக்கும், கத்தியால்தான் அறுக்க வேண்டும். சடை விழுந்த பம்பை மேலே தூக்கினால்தான் சுத்தம் செய்ய முடியும். தூக்க முடியாவிட்டால் ஆள் இறங்குவார்.

தூக்க முடியாமல் போவது எப்படி என்பதை என் தவறு ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்காம் ஆண்டு. எட்டரை மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணற்றுக்கு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள மூன்று பம்புகள். அவற்றைத் தூக்கும் ஏற்பாட்டுக்காக நான் பொருட்பட்டியலில் எழுதியது ஒரே வரி: 2 டன் செயின் பிளாக், எண்ணிக்கை 1. சங்கிலியைக் கையால் இழுத்துக் கனமான பொருளைத் தூக்கும் கருவி அது. எடைக்கு 2 டன் தாராளம். ஆனால் எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதை எழுதவில்லை. எழுதாவிட்டால் வியாபாரிகள் அனுப்புவது வழக்கமான மூன்று மீட்டர் தூக்கு உயரமுள்ளதைத்தான். அதுவே வந்தது, பொருத்தப்பட்டது, சோதனை ஓட்டமும் முடிந்து கையெழுத்தும் ஆயிற்று, ஏனெனில் புதுப் பம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டிய தேவை அன்று எவருக்கும் ஏற்படவில்லை.

எட்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்த நிலையத்துக்குப் போனேன். ஒரு பம்பு சடை விழுந்து நின்றிருந்தது. அதைத் தூக்க மூன்று பேர் நின்றார்கள். செயின் பிளாக்கின் கொக்கி மூன்று மீட்டர் வந்ததும் முடிந்துவிட்டது. பம்பு இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. அந்த நிலையில் பம்பின் சங்கிலியை மேல்தளத்தில் ஒரு கொளுவியில் நிறுத்தி, செயின் பிளாக்கை மீண்டும் இறக்கி, சங்கிலியைக் கீழே வேறிடத்தில் பிடித்துத் தூக்க வேண்டும். நான் தந்த சங்கிலியிலோ கொக்கி நுழையும் அளவுக்குப் பெரிய வளையம் எதுவும் இல்லை. மேல்தளத்தில் கொளுவியும் இல்லை. அதற்காக ஒருவர், இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, பக்கச் சுவரிலிருந்த இரும்புப் படிகளைப் பிடித்து நான்கு மீட்டர் கீழே இறங்கி, சங்கிலியோடு ஒரு இரும்புக் கயிற்றை முடிந்துவிட்டு ஏறி வந்தார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். மாதத்துக்கு எத்தனை முறை என்று கேட்டதற்கு, அது மழையைப் பொறுத்தது என்றார்கள்.

நான் அந்தக் கிணற்றின் வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன். அங்கே மூத்த ஆபரேட்டராக இருந்தவர் அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். “ஏனுங்க சார், பம்பு எங்க நிக்குதுன்னு போட்டிருக்கீங்க, பைப்பு எங்க போகுதுன்னு போட்டிருக்கீங்க. நாங்க எங்க நிக்கறதுன்னு போடலீங்களே?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, படத்தில் எங்கேயாவது இருக்கும், தமக்குத்தான் தெரியவில்லை போலும் என்ற தொனியில் கேட்டார். இறங்கி ஏறியவருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. தூக்கு உயரம் என்ற ஒரே எண்ணை நான் எழுதாமல் விட்டதால் எட்டு மாதம் அவர் உயிரோடு விளையாடியிருக்கிறேன் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. செயின் பிளாக்கை மாற்றவும், ஒரு மீட்டருக்கு ஒரு பெரிய வளையம் வைத்த சங்கிலி போடவும் ஆன செலவு, அந்த நிலையத்தின் மொத்த மதிப்பீட்டில் கண்ணுக்கே தெரியாது.

நான்கு மீட்டர் இறங்குவதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். தேங்கிய கழிவுநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், அதிலுள்ள சல்பேட்டைச் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு அது. குழியின் அடியில் தங்கும். அதைவிட மோசம், சேற்றுக்குள் கரைந்தும் சிக்கியும் கிடப்பது, எவராவது காலை வைத்துக் கலக்கியதும் ஒரேயடியாக வெளியே வரும். மேலே நின்று கருவியை இறக்கி அளந்தபோது ஒன்றுமில்லை என்று காட்டிய குழி, ஆள் இறங்கிய ஐந்தாம் நிமிடத்தில் கொல்வது இதனால்தான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போதே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பிவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சாவதற்குக் காரணம் இதுவே. முகத்தில் கட்டிய துணியோ, கடையில் வாங்கிய தூசு முகமூடியோ இந்த வாயுவை நிறுத்தாது.

இனி, சட்டத்துக்கு வருகிறேன். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பணியமர்த்துவதைத் தடைசெய்து, அவர்களின் மறுவாழ்வுக்கு வழிசெய்யும் சட்டம் 2013ஆம் ஆண்டு வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இவை உங்கள் வாசகர்கள் அறிந்தவை. சட்டத்தின் கீழ் அதே 2013இல் வகுக்கப்பட்ட விதிகளை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது ஐயமே. அதன் மூன்றாம் விதி, பாதுகாப்புக் கவசம் அணிந்திருந்தாலும் எவரையும் சாக்கடையைக் கையால் சுத்தம் செய்ய இறக்கக் கூடாது என்று கூறிவிட்டு, உடனே சில விதிவிலக்குகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று, உறிஞ்சு கிணற்றின், அதாவது நான் மேலே சொன்ன சேகரிப்புக் கிணற்றின், அடியில் பொருத்தப்பட்டுள்ள நீர்மூழ்கிப் பம்புகளை அகற்றுவதற்காக இறங்குவது.

முதன்முறை இதைப் படித்தபோது நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உடைந்த மூடியின் துண்டுகளை எடுப்பது, புதிய குழாயைப் பழைய பெருங்குழாயோடு இணைப்பது போன்ற மற்ற விதிவிலக்குகளுக்கு ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். பம்பை அகற்றுவதற்கு என்ன நியாயம்? நீர்மூழ்கிப் பம்பைக் கிணற்றுக்கு வெளியே நின்றே இறக்கவும் ஏற்றவும் வழிகாட்டிக் கம்பிகளும், தன் எடையாலேயே பம்பு போய்ப் பொருந்திக்கொள்ளும் தானியங்கி இணைப்பும் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் கிடைக்கின்றன. கோவையிலேயே செய்கிறார்கள். இரண்டு குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் வழியே பம்பை வழுக்கி இறக்கினால், அடியிலுள்ள வளைகுழாயின் வாயில் அதன் தாடை சென்று மாட்டிக்கொள்ளும். போல்ட்டு முடுக்க ஆள் வேண்டாம். ஆக, அந்த விதிவிலக்கு இயற்கையின் கட்டாயத்தால் எழுந்ததன்று, சரியாக வரையப்படாத கிணறுகளுக்காகச் சட்டம் கொடுத்த சலுகை என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் துறையின் சோம்பலை மன்னித்து எழுதப்பட்ட வரி அது.

ஆனால் வழிகாட்டிக் கம்பி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பிகள் தூக்குநூல் பிடித்தாற்போல் நேராக இல்லாவிட்டால் பம்பு பாதி வழியில் சிக்கும். கிணற்றின் தரை சமமாக இருந்தால் மூலைகளில் மணல் குவிந்து வளைகுழாயை மூடும். அடுத்த முறை இறக்கும்போது பம்பு மணலில் உட்காரும், வாயோடு பொருந்தாது, மணலை அள்ள ஆள் இறங்குவார். தரையைப் பம்பை நோக்கி 45 பாகைக்குக் குறையாமல், முடிந்தால் 60 பாகை வரை சரித்து வார்த்துவிட்டால் மணல் தானாகவே பம்பின் வாய்க்கு வந்து வெளியேறும். இதைச் செய்ய வேண்டியவர் கட்டுமானப் பிரிவினர். சொல்ல வேண்டியவர் மெக்கானிக்கல் பிரிவினர். சொல்லும் நேரத்துக்குள் கான்கிரீட் இறுகிவிடுகிறது என்பதுதான் எங்கள் துறையின் நாள்பட்ட நோய்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நிலையத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானதும், பணம் முதலில் வருவது மண் தோண்டி கான்கிரீட் போடும் வேலைக்கு. அந்த வேலைக்கான படங்கள் அவசரமாகக் கேட்கப்படும். எந்த நிறுவனத்தின் பம்பு வாங்கப் போகிறோம் என்று அப்போது முடிவாகியிருக்காது. ஐந்து நிறுவனங்களின் பட்டியல் இருக்கும், விலை பேசி முடிய ஆறு மாதம் ஆகும். எனவே நாங்கள் ஒரு பம்பைக் கற்பனை செய்துகொண்டு மேல்தளத்தில் விட வேண்டிய திறப்பின் அளவைக் கொடுப்போம். பிறகு வாங்கப்படும் பம்பு கற்பனைப் பம்பைவிட ஒரு சாண் அகலமாக இருக்கும். திறப்பு அதே அளவில் கிடக்கும். பம்பைச் சாய்த்து நுழைப்பார்கள். சாய்த்து நுழைத்த பம்பைச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். சாய்க்க, கீழே ஒருவர் நின்று தள்ள வேண்டும். பட்டியலில் உள்ள ஐந்து பம்புகளிலும் எது பெரியதோ அதற்குத் திறப்பு விட்டுவிட்டால் தீர்ந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம், மூடித்தகட்டின் விலை ஏறும் என்று எனக்குப் பதில் வந்திருக்கிறது.

இன்னொன்று, ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடும் முறை. பம்பின் திறன், அதாவது செலவாகும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு பயனுள்ள வேலையாகிறது என்பது, ஒப்பந்தப்புள்ளியில் புள்ளிக் கணக்காக மதிப்பிடப்படுகிறது. உறுதியளித்த திறன் குறைந்தால் அபராதமும் உண்டு. இது நியாயமே, மின்கட்டணம் நகராட்சியின் பெரிய செலவு. ஆனால் திறன் மிகுந்த சுழலிகளின் நீர்வழி குறுகலாக இருக்கும், நார் எளிதில் மாட்டும். திறந்த சுழல் வகைச் சுழலியில் குப்பை சிக்குவது மிகக் குறைவு. அதன் திறனோ நூற்றுக்குப் பதினைந்து இருபது புள்ளி குறைவு. காகிதத்தில் முதலாவது வெல்லும். வென்ற பம்பு வாரம் இருமுறை சடை விழுந்து நிற்கும்போது அதன் திறன் எவ்வளவு என்று எவரும் அளப்பதில்லை. எங்கும் சுழல் வகையையே போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாரை வெட்டியும் தள்ளியும் தானே வெளியேற்றும்படி வரிப்பள்ளம் வெட்டிய சுழலிகள் இன்று வந்துவிட்டன, திறனும் நன்றாகவே இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை முறை ஒரு பம்பைத் தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் மதிப்பீட்டில் ஓர் எண்ணாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். ஒவ்வொரு முறை தூக்குவதும் ஓர் ஆபத்தின் வாய்ப்பு.

பொருளின் தரமும் உயிரோடு தொடர்புடையதே. அதே ஹைட்ரஜன் சல்பைடு, நீர்மட்டத்துக்கு மேலே ஈரமாக இருக்கும் சுவரிலும் இரும்பிலும் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகிறது. கிணற்றின் மேற்பாதியில்தான் அரிப்பு கடுமையாக இருப்பதைக் காணலாம். சங்கிலி, வழிகாட்டிக் கம்பி, ஏணிப்படி எல்லாம் அந்த மேற்பாதியில்தான் இருக்கின்றன. பொருட்பட்டியலில் ‘எஸ்.எஸ்.’ (துருப்பிடிக்காத எஃகு) என்று மட்டும் எழுதினால், மலிவான 202 தரம் வந்து சேரும். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, நல்ல சரக்குதான் என்று ஏற்றுக்கொள்வார்கள். 202க்கும் காந்தம் ஒட்டாது, அதைவிட மேலான 304 தரத்துக்கும் ஒட்டாது. இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 தரம் என்று எழுதி, சோதனைச் சான்றும் கேட்க வேண்டிய இடம் இது. சங்கிலி துருப்பிடித்து அறுந்தால் பம்பு அடியில் கிடக்கும். அதில் வேறொரு கொக்கியை மாட்ட எவரேனும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஐந்தாறு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததன் விளைவு அது.

இதே கண்ணோட்டத்தில் சல்லடை இயந்திரத்தையும் பார்க்கலாம். கழிவுநீரில் மூழ்கிய நிலையில் பல்சக்கரமோ பேரிங்கோ வைத்தால், அது தேயும் நாளில் ஆள் இறங்குவார். சங்கிலி அடியில் வெறும் வழித்தடத்தில் வளைந்து திரும்பும்படி, சுழலும் உறுப்புகள் அத்தனையும் தரைக்கு மேலே இருக்கும்படி செய்யப்படும் சல்லடைகள் உண்டு. விலை கூடுதல். அவ்வாறே, வரும் தண்ணீரை நிறுத்தும் கதவு. ஆண்டுக்கணக்கில் இயக்காமல் விட்ட கதவு தேவைப்படும் நாளில் இறங்காது. அப்போது மணல் மூட்டையைக் கொண்டு குழாய் வாயை அடைக்க ஒருவர் போவார். கிணற்றை நடுச்சுவர் வைத்து இரண்டு அறைகளாகக் கட்டி, ஒன்று ஓடும்போது மற்றொன்றை வற்றவைத்துக் காற்றோட்டம் விட்டுக் கழுவும்படி அமைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். இடமில்லை என்பார்கள். பல இடங்களில் உண்மையாகவே இடமில்லைதான்.

அரசு நிலையங்களைவிட மோசமான நிலையில் இருப்பவை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் உள்ள சிறு சுத்திகரிப்பு நிலையங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் அனுமதி பெற வேண்டியிருப்பதால், பெரிய குடியிருப்புகள் எல்லாவற்றிலும் இப்படியொன்று இருக்கிறது. கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே, தலை இடிக்கும் கூரையின் கீழ், பம்பைத் தூக்க ஒரு கொக்கிகூட இல்லாமல் கட்டிவிடுகிறார்கள். கூரை இரண்டரை மீட்டரில் இருக்கையில் பம்பையும் சங்கிலியையும் செயின் பிளாக்கையும் எங்கே தொங்கவிடுவது? அங்கே விதியைக் கவனிக்க அதிகாரியோ பொறியாளரோ எவரும் இல்லை. சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைக்க, எங்கிருந்தோ இருவர் வாளியோடு வருகிறார்கள். வீடு வாங்குபவர்கள் நீச்சல் குளத்தைக் கேட்டுப் பார்க்கிறார்கள். இந்த அறையையும் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லலாம்.

இறங்குபவர்கள் யார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் வரைபவர்களில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. கிணற்றுக்குள் இறங்குபவர்களில் பெரும்பாலோர் அவர்களே. என் அண்ணன் தம்பியோ நானோ இறங்க வேண்டிவரும் என்ற நினைப்பு இருந்திருந்தால், தூக்கு உயரத்தை எழுத நான் மறந்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கை, ஆள் நுழையும் குழிகளை இயந்திரம் நுழையும் குழிகளாக மாற்றுவோம் என்றது. தமிழிலும் ‘இயந்திர நுழைவாயில்’ என்று பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம். பெயர் நல்லதுதான். ஆனால் தெருவில் உள்ள அந்த மூடிகளின் திறப்பு இன்றும் பெரும்பாலும் 560 மில்லிமீட்டர் விட்டம்தான். ஒரு மனிதனின் தோள் நுழைவதற்காகக் குறிக்கப்பட்ட அளவு அது. முதுகில் மூச்சுக் கருவியை மாட்டியவர் நுழைவதற்கே சிரமம். குழியைச் சுத்தம் செய்யும் ரோபோக்களைக் கேரளத்து இளைஞர்கள் உருவாக்கி, நம் ஊர்கள் உட்படப் பல நகரங்களில் இயக்குவதை மனமாரப் பாராட்டுகிறேன். அவை தெருக்குழிகளுக்கு உதவும். 450 கிலோ பம்பை அடியிலிருந்து விடுவித்துத் தர அவற்றால் ஆகாது. அதற்குக் கிணறு சரியாக இருக்க வேண்டும்.

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை கொண்டுசென்று தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. இத்தகைய வேலை செய்யத் தெரிந்த ஊரில், ஒரு சங்கிலியில் வளையம் வைப்பது முடியாத காரியமாக இருக்க இயலாது. ஒப்பந்த ஆவணத்தில் கேட்டால் செய்வார்கள், கேட்காததால் செய்வதில்லை.

எனவே நகராட்சி நிர்வாகத் துறையும் குடிநீர் வாரியங்களும் தங்கள் ஒப்பந்த ஆவணங்களில் ஒரு தாளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நீருக்கடியில் இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாக எழுதி, அது பழுதானால் எங்கே நின்று, எதைக் கொண்டு, எவ்வளவு உயரம் தூக்கி எடுப்பது என்பதை வரைபடத்தோடு காட்டச் சொல்ல வேண்டும். உள்ளே இறங்காமல் முடியாது என்று ஓர் உறுப்புக்கு எதிரே எழுதப்பட்டால், அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கான்கிரீட் போடுமுன், அதே ஊரில் ஏற்கெனவே வேலை செய்யும் ஆபரேட்டர்கள் இருவரை அழைத்து அந்தத் தாளைக் காட்டி அவர்களின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். புதிதாகக் கட்டப்படும் நிலையங்களைப் பொறுத்தவரையாவது, பம்பை அகற்ற ஆள் இறங்கலாம் என்ற விதிவிலக்கை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். பழைய கிணறுகளுக்கு ஐந்தாண்டு தவணை கொடுத்தாலும் தவறில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். புதிய உந்து நிலையமோ சுத்திகரிப்பு நிலையமோ திறக்கப்படும்போது, எத்தனை கோடி ரூபாய், நாளொன்றுக்கு எத்தனை கோடி லிட்டர் என்று தங்கள் செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். அடுத்த திறப்பு விழாவில், நாடா வெட்டி முடிந்தபிறகு, அங்குள்ள பொறியாளரிடம் ஒரு பம்பை மேலே தூக்கி மீண்டும் இறக்கிக் காட்டச் சொல்லுமாறு அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏற்பாடு சரியாக இருந்தால் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை. எவரும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.